ஸ்லீவ் அறுவையின்போதே ஹயாட்டஸ் ஹெர்னியாவையும் தைத்துவிட்டால் போதுமா?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அவையோருக்கு வணக்கம். என் தங்கைக்கு வயது 43. உடல் நிறைக் குறியீடு 41. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்சுலின் போட்டும் கட்டுக்குள் வரவில்லை. எடைக் குறைப்பு அறுவை செய்துகொள்வதென்று குடும்பமாகப் பேசி முடிவெடுத்துவிட்டோம். ஆகவே அறுவை வேண்டுமா வேண்டாமா என்று கேட்க நான் இங்கு வரவில்லை.

அறுவைக்கு முன் எடுத்த எண்டோஸ்கோப்பியில் 3 செ.மீ. அளவுக்கு ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறியிருப்பது) இருப்பதாகவும், உணவுக்குழாயின் அடிப்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸ் வகைப்பாட்டின்படி (கடுமையை 'ஏ' முதல் 'டி' வரை குறிப்பது) 'பி' நிலைப் புண் இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு ஆண்டுகளாக இரவில் எதுக்களிப்பு உண்டு. அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை இல்லாமல் உறங்க முடியாது. முதலில் பார்த்த அறுவை மருத்துவர், "ஸ்லீவ் (இரைப்பையை ஒடுக்கும் அறுவை) செய்வோம், அதே துளைகள் வழியாக ஹெர்னியாவையும் தைத்துவிடுவோம், இரண்டும் ஒரே மயக்கத்தில் முடிந்துவிடும்" என்றார். இரண்டாவதாகப் பார்த்தவரோ, "இந்த எண்டோஸ்கோப்பி அறிக்கையை வைத்துக்கொண்டு நான் ஸ்லீவ் செய்யமாட்டேன், பைபாஸ்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இருவருமே அனுபவம் மிக்கவர்கள். இருவரும் எங்களிடம் பொறுமையாகவே பேசினார்கள். ஆனால் ஒருவர் ஏன் மற்றவரிடமிருந்து வேறுபடுகிறார் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

---

நுண்துளை

ஐயா, நான் லேப்ராஸ்கோப்பி அறுவை செய்பவன். உங்கள் தங்கையைப் பார்க்காமல் அவருக்கு எது சரி என்று சொல்வது முறையாகாது. அந்த இரு மருத்துவர்களும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

நம் செய்தித்தாள்கள் இந்நோயைக் 'குடலிறக்கம்' என்று எழுதுவது குழப்பத்துக்கு ஒரு காரணம். பெரும்பாலானோருக்கு இதில் குடலும் இல்லை, இறக்கமும் இல்லை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் கடந்து வருவதற்கென ஒரு துளை இருக்கிறது. அத்துளையின் இருபுறமும் இரண்டு தசைத் தூண்கள் நின்று உணவுக்குழாயைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. வயிற்றுக் கொழுப்பு கூடக் கூட உள்ளழுத்தம் உயர்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தம் முட்டித் தள்ளுவதில் தூண்கள் விலகி, இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறிவிடுகிறது. பருமனுக்காக அறுவை மேசைக்கு வருபவர்களிடம் இதை நாங்கள் அடிக்கடி காண்பதற்கு இதுவே காரணம். உணவுக்குழாயின் கீழ்ச் சுருக்குத்தசையும் உதரவிதானத்தின் பிடியும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அமிலம் மேலே வராமல் தடுக்கும் தாழ்ப்பாள் வேலை செய்யும். ஹெர்னியாவில் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடுகின்றன.

அப்படியானால் தூண்களை இழுத்துத் தைத்துவிட்டால் தாழ்ப்பாள் திரும்பிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் ஃபிலிப் ஆலிசன் என்ற அறுவை மருத்துவர் ஏறத்தாழ இந்த எண்ணத்தில்தான், மேலேறிய இரைப்பையைக் கீழிறக்கித் துளையைச் சீரமைக்கும் முறையை 1951இல் விவரித்தார். 1973இல் தம் நோயாளிகளின் இருபது ஆண்டுக் கணக்கை அவரே வெளியிட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஹெர்னியா திரும்பி வந்திருந்தது. தம் முறை தோற்றதைத் தாமே எழுதிய நேர்மைக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். இதற்கிடையே 1956இல் ருடால்ஃப் நிஸ்ஸன், இரைப்பையின் மேற்குவிமாடத்தை உணவுக்குழாயின் அடியில், கழுத்தில் துண்டைச் சுற்றுவதுபோலச் சுற்றித் தைக்கும் முறையை வெளியிட்டிருந்தார். அன்றிலிருந்து எதுக்களிப்புக்காக ஹெர்னியாவைத் தைப்பவர்கள் துளையைச் சுருக்குவதோடு நிறுத்துவதில்லை, துண்டையும் சுற்றுகிறார்கள்.

ஸ்லீவ் அறுவையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்லீவ் என்பது இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நெடுக வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒடுங்கிய குழாயாக விடுவது. வெட்டி எடுக்கும் பகுதியில் அந்தக் குவிமாடமும் போய்விடுகிறது. துண்டையே வெட்டி எறிந்தபின் கழுத்தில் எதைச் சுற்றுவது? தையல் மட்டுமே மிஞ்சுகிறது. அதற்குக் கீழே இருப்பதும் பழைய விரிந்து கொடுக்கும் பை அன்று. அடியில் பைலோரஸ் என்னும் இரைப்பை வாயில் வால்வு மூடியிருக்கும், உள்ளழுத்தம் மிகுந்த ஒரு குழாய். அழுத்தம் மேல்நோக்கித்தான் வழி தேடும்.

பைபாஸில் கணக்கே வேறு. உணவுக்குழாயின் அடியில் 30 மி.லி. அளவுக்கு ஒரு சிறு பை மட்டும் விடப்பட்டு, அது நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. அதில் அமிலம் சுரக்கும் செல்கள் மிகக் குறைவு. பித்தம் சிறுகுடலில் வெகு தூரம் கீழே வந்துதான் உணவோடு சேர்கிறது. தாழ்ப்பாள் சற்றுத் தளர்ந்தாலும் மேலே ஏறுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

ஆகவே முதல் மருத்துவர் தம் தையலை நம்புகிறார். இரண்டாமவர் அந்தத் தையலின்மேல் பாரத்தை ஏற்ற விரும்பவில்லை.

---

ஸ்லீவ்_2017

நான் மருத்துவர் அல்லன். 2017இல் ஸ்லீவ் செய்துகொண்டவன். எனக்கும் சிறிய ஹெர்னியா இருந்தது. அப்போதே தைத்துவிட்டதாக டிஸ்சார்ஜ் அறிக்கையில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. முதல் ஆண்டு பொற்காலம். 126 கிலோவிலிருந்து 84க்கு வந்தேன். நெஞ்செரிச்சல் என்ற சொல்லையே மறந்திருந்தேன்.

மூன்றாம் ஆண்டில் இருமல் தொடங்கியது. முதலில் நுரையீரல் மருத்துவரிடம் போனேன்; ஆஸ்துமா மருந்து தந்தார்கள். பிறகு ஒருநாள் நள்ளிரவில், தூக்கத்தில் புளித்த நீர் மூச்சுக்குழாயில் இறங்கி, மூச்சு அடைத்து எழுந்து உட்கார்ந்தேன். மனைவி பயந்து அழுதுவிட்டாள். பேரியம் குடித்து எடுத்த எக்ஸ்ரே படத்தில் என் ஸ்லீவின் மேற்பகுதி மார்புக்குள் ஏறியிருந்தது. 2022இல் அதைப் பைபாஸாக மாற்றி, ஹெர்னியாவை மறுபடியும் தைத்தார்கள். இரண்டாம் முறை செய்த மருத்துவர், முதல் தையல் உணவுக்குழாயின் முன்புறத்தில் ஒற்றையாகப் போடப்பட்டிருந்தது என்றும், பின்புறம் பிரித்தே பார்க்கப்படவில்லை என்றும் சொன்னார். முதலில் செய்த மருத்துவமனையின் பெயரை இங்கு எழுதுவது பயனற்றது என்பதால் தவிர்க்கிறேன்.

'தைத்துவிடுவோம்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை விதமான தையல் அடங்கும் என்பதை முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

---

எண்ணும்எழுத்தும்

மேலே எழுதிய நண்பரின் துன்பத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒருவருடைய கதையை வைத்து இன்னொருவரின் அறுவையை முடிவு செய்வதற்குமுன் ஒப்பீட்டு ஆய்வுகளைப் பார்ப்பது நல்லது. ஸ்லீவையும் பைபாஸையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட இரண்டு முதன்மையான ஆய்வுகள் உள்ளன.

சுவிட்சர்லாந்தின் எஸ்.எம்.-பாஸ் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018இல் வந்தது. ஏற்கெனவே எதுக்களிப்பு இருந்தவர்களில், ஸ்லீவுக்குப் பின் அது மோசமானவர்கள் 31.8%, பைபாஸுக்குப் பின் 6.3%. முற்றிலும் நீங்கியவர்கள் ஸ்லீவில் 25%, பைபாஸில் 60.4%. பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வில் 240 பேர். அதன் பத்தாண்டு முடிவு 2022இல் வெளியானது. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் பிரிவில் 31%, பைபாஸ் பிரிவில் 7%. அமிலம் குறைக்கும் மாத்திரையை நாடியவர்கள் முறையே 64%, 36%. புற்றுநோய்க்கு முன்னிலையான பாரெட் மாற்றம் மட்டும் இரு பிரிவிலும் சமமாக 4% என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஸ்லீவ் செய்தால் பாரெட் நிச்சயம் என்று இணையத்தில் சிலர் பரப்பும் அச்சத்துக்கு அந்த எண் இடம் தரவில்லை.

இவ்விரு ஆய்வுகளிலும், கடுமையான எதுக்களிப்போடு பெரிய ஹெர்னியா உள்ளவர்களைத் தொடக்கத்திலேயே சேர்க்கவில்லை. அதாவது நல்ல நிலையில் இருந்தவர்களிடமே இவ்வளவு வேறுபாடு தெரிந்திருக்கிறது. திரு. காவிரிக்கரையின் தங்கை இவ்வாய்வுகளில் சேர்க்கப்படாத வகைக்கு நெருங்கி நிற்பவர். அவரைப் போன்றவர்களுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. பொருத்த வேண்டியிருந்தால் ஸ்லீவுக்குச் சாதகமாகப் பொருத்தக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

---

நுண்துளை

எண்களைத் தந்தமைக்கு நன்றி. ஆனால் அந்த ஆய்வுகள் நம் கேள்விக்கு நேர்ப் பதில் தருவன அல்ல. நம் கேள்வி ஸ்லீவோடு ஹெர்னியாத் தையலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது. அதற்கென வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சீட்டுக் குலுக்காத, ஒரு மருத்துவமனைக் கணக்குகள். வேடிக்கை என்னவென்றால், இத்தாலியிலிருந்து 2013இல் வந்த ஓர் ஆய்வு, சேர்த்துத் தைத்தவர்களுக்கு எதுக்களிப்புப் பெரும்பாலும் நீங்கியதாகச் சொன்னது. அடுத்த ஆண்டே அதே நாட்டிலிருந்து வந்த இன்னொன்று, தைத்ததால் பெரிய பயன் இல்லை என்றது. எப்படிப் பிரித்தார்கள், எங்கே தைத்தார்கள், எந்தக் கருவியால் எதுக்களிப்பை அளந்தார்கள் என்பவை எல்லாம் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

ஸ்லீவ்_2017 சொன்னது முக்கியமானது என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். முன்புறத்தில் ஒற்றைத் தையல் போடுவது எடைக் குறைப்புக்காக இரைப்பையைச் சுற்றிப் பட்டை வைத்த காலத்தின் பழக்கம். உதரவிதானத்தில் முன்பக்கம் சிறு குழிவு தெரிந்தால் ஒரு நூலைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். முறையான சீரமைப்பு அதுவன்று. ஹெர்னியாவின் உறையை மார்பிலிருந்து முழுதாக விடுவித்துக் கீழே கொண்டுவர வேண்டும். உணவுக்குழாயை நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதியில் போதிய உயரம்வரை பிரித்து, இழுத்துப் பிடிக்காமலேயே 2 முதல் 3 செ.மீ. நீளம் வயிற்றுக்குள் தானாகத் தங்குமாறு செய்ய வேண்டும். கையை விட்டால் மேலே ஓடும் உணவுக்குழாயை எந்தத் தையலும் பிடித்து வைக்காது. இரைப்பைக்குச் செல்லும் இரண்டு வேகஸ் நரம்புகளும் கண்ணுக்குத் தெரிந்து காப்பாற்றப்பட வேண்டும். பிறகு பின்புறத்தில், கரையாத நூலால் இரண்டு அல்லது மூன்று தையல்கள். உள்ளே ஓர் அளவுக் குழாயை வைத்துக்கொண்டு போட்டால் துளை அளவுக்கு மீறி இறுகாது. ஸ்லீவில் இன்னொரு கவனமும் தேவை: நெடுக வெட்டியபின் இரைப்பைக்கு இரத்தம் வருவது பெரும்பாலும் சிறுவளைவுப் பக்கத்திலிருந்துதான் என்பதால், பின்புறம் பிரிக்கும்போது இடது இரைப்பைத் தமனியைத் தொட்டுவிடக்கூடாது.

ஸ்லீவ் செய்வதென்று முடிவானால் ஹெர்னியாவைத் தைக்காமல் விடுவதும் தவறுதான். மார்புக்குள் ஒளிந்திருக்கும் குவிமாடத்தைக் கீழே இறக்காமல் வெட்டினால், அதில் ஒரு பகுதி வெட்டப்படாமல் மேலேயே தங்கிவிடும். அது அமிலத்தையும் சுரக்கும், காலப்போக்கில் விரிந்து எடையையும் திருப்பிக் கொண்டுவரும். ஸ்லீவ் வல்லுநர்கள் 2012இல் வெளியிட்ட ஒருமித்த கருத்திலேயே, ஹெர்னியாவை முனைந்து தேட வேண்டும், கண்டால் சீரமைக்க வேண்டும் என்று எழுதினார்கள். பாரெட் இருந்தால் ஸ்லீவ் கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

அறிகுறி இல்லாத சிறிய ஹெர்னியா தற்செயலாகத் தென்பட்டால் ஸ்லீவோடு சேர்த்துப் பின்புறம் நன்றாகத் தைத்துவிட்டு நானும் மேலே செல்வேன். எதுக்களிப்பும் புண்ணும் எண்டோஸ்கோப்பியில் பதிவாகியிருந்தால் என் கை பைபாஸ் பக்கம்தான் போகும்.

---

குடல்நோக்கி

நான் எண்டோஸ்கோப்பி செய்பவள். எங்கள் அறிக்கையில் வரும் '3 செ.மீ.' என்பதைத் தையற்காரரின் அளவு நாடாவில் பார்த்ததுபோல எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயாளி ஓக்காளிக்கும் நேரத்தில் 4 தெரியும். அமைதியாக இருக்கும்போது அதே ஆளுக்கு 2 தெரியும். காற்றை எவ்வளவு ஊதுகிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். சிறிய ஹெர்னியாக்களை நாங்கள் தவறவிடுவதும் உண்டு. அளவைவிட, கருவியை உள்ளே திருப்பி மேல்நோக்கிப் பார்க்கும்போது வால்வின் மடிப்பு எப்படி இருக்கிறது என்பது எனக்கு அதிகம் சொல்கிறது. அதை ஹில் வகைப்பாட்டில் 1 முதல் 4 வரை குறிப்பார்கள். உங்கள் அறிக்கையில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

'பி' நிலைப் புண்ணைப் பற்றியும் ஒரு சொல். முன்பெல்லாம் 'சி', 'டி' நிலைகளைத்தான் எதுக்களிப்பு நோய்க்கு உறுதியான சான்றாகக் கொண்டோம். 2024இல் வெளிவந்த, எதுக்களிப்பு நோயை உறுதிசெய்வது பற்றிய லியோன் ஒருமித்த கருத்தின் இரண்டாம் பதிப்பு 'பி'யையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே உங்கள் தங்கைக்கு நோய் இருக்கிறதா என்று 24 மணிநேரம் குழாய் வைத்து அமிலத்தை அளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உணவுக்குழாயின் தசை அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி மட்டும் செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. தசை இயக்கம் மிகவும் நலிந்திருந்தால், மேலே வந்த அமிலத்தைத் திரும்பக் கீழே தள்ளும் வலு உணவுக்குழாய்க்கு இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்லீவ் இரட்டைத் தொல்லை.

---

வெளியாள்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இரண்டு ஐயங்கள். தையல் பிரிந்துவிடும் என்றால் தொப்புள் ஹெர்னியாவுக்கு வைப்பதுபோல வலை வைத்துவிட வேண்டியதுதானே? அல்லது முதலில் ஹெர்னியாவை மட்டும் முறைப்படி, துண்டு சுற்றி, சரிசெய்துவிட்டு எடை அறுவையை அடுத்த ஆண்டு வைத்துக்கொண்டால் என்ன?

---

நுண்துளை

வலையைப் பற்றி முதலில். தொப்புளில் இருப்பது அசையாத சுவர். ஹயாட்டஸ் ஒவ்வொரு மூச்சுக்கும், ஒவ்வொரு விழுங்கலுக்கும் அசையும் இடம். அங்கே வைக்கும் செயற்கை வலை ஆண்டுகள் போகப் போக உணவுக்குழாயையே அரித்து உள்ளே நுழைந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அரிதுதான் என்றாலும், வந்தால் உணவுக்குழாயின் ஒரு பகுதியையே எடுக்க வேண்டிய நிலை வரும். அதற்கு மாற்றாக, பன்றியின் சிறுகுடல் படலத்தில் செய்த, உடலில் கரையும் வலையை அமெரிக்காவில் 108 பேரிடம் சோதித்தார்கள். பெரிய ஹெர்னியா உடையவர்கள் அவர்கள். எடை அறுவை நோயாளிகள் அல்லர். ஆறு மாதத்தில் ஹெர்னியா திரும்பியவர்கள் வலை வைத்தவர்களில் 9%, வைக்காதவர்களில் 24%. எல்லோரும் மகிழ்ந்தோம். ஐந்தாண்டுக்கு மேல் போய்ப் பார்த்தபோது 54%, 59%. வேறுபாடு கரைந்துவிட்டது. ஆனால் படத்தில் திரும்பியிருந்த பலருக்கு உடலில் பெரிய தொல்லை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களுக்குத் துண்டு சுற்றப்பட்டிருந்தது.

இரண்டாவது யோசனை, இந்த வரிசையில் செய்தால் மிகவும் தவறாகப் போகும். வயிற்றின் உள்ளழுத்தத்தைக் குறைக்காமல் தைத்தால், தையலைப் பிரித்த அதே விசை அங்கேயே காத்திருக்கும். உடல் பருமன் மிகுந்தவர்களுக்குத் துண்டு சுற்றும் அறுவை தோற்கும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், எதுக்களிப்புக்காக மட்டும் வருபவர்களிடம்கூட, குறியீடு 35க்கு மேல் இருந்தால் பைபாஸைப் பரிந்துரைக்கும் வழக்கம் இருக்கிறது. மேலும், ஒருமுறை துண்டு சுற்றிய இரைப்பையில் பின்னாளில் எடை அறுவை செய்ய வேண்டுமானால் முதலில் அந்தச் சுற்றைப் பிரிக்க வேண்டும். பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். குவிமாடத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துத் துண்டு சுற்றி, மீதியை ஸ்லீவாக வெட்டும் 'நிஸ்ஸன்-ஸ்லீவ்' என்ற கலப்பு முறையும் ஐரோப்பாவில் செய்யப்படுகிறது. சுற்றிய பகுதியில் ஓட்டை விழுந்த நிகழ்வுகளை அதைச் செய்பவர்களே எழுதியிருப்பதால், என் நோயாளிகளுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

---

மயக்கவியல்

அறுவை மருத்துவர்கள் நூலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நூலை அறுக்கக்கூடியது முதல் நாள் இரவின் வாந்தி. ஸ்லீவுக்குப் பின் ஓக்காளம் மிகுதி. புதிதாகத் தைத்த தூண்களின்மேல் அது சம்மட்டி அடி. ஆகவே ஹெர்னியாவும் சேர்த்துத் தைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், வாந்தி வந்தபின் மருந்து கொடுப்பதற்குக் காத்திருக்காமல், டெக்சாமெத்தசோன், ஆன்டன்செட்ரான் போன்றவற்றை அறுவையின்போதே கொடுத்துவிடுவோம்; ஓப்பியாய்டு (அபின் வகை) வலி மருந்தையும் கூடியமட்டும் குறைப்போம். டெக்சாமெத்தசோன் சர்க்கரையைச் சற்று ஏற்றும் என்பதால் உங்கள் தங்கையின் சர்க்கரை நோயைப் பற்றி மயக்க மருத்துவரிடம் நேரடியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

மார்புப் பக்கம் பிரிக்கும்போது நுரையீரல் உறை கிழிந்து, வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கரியமில வாயு மார்புக்குள் போவதும் நேர்வதுண்டு. கேட்பதற்கு அச்சமாக இருக்கும். வாயு அழுத்தத்தைக் குறைத்து, மூச்சுக் கருவியைச் சற்று மாற்றியமைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கரியமில வாயுவை உடல் விரைவில் உறிஞ்சிக்கொள்ளும்.

---

பத்தியக்காரி

பைபாஸே மேல் என்ற முடிவுக்கு இவ்விழை நகர்வதால், அதன் விலையையும் எழுதிவைப்பது உணவியலாளராகிய என் கடமை. ஸ்லீவிலும் மாத்திரைகள் உண்டு. பைபாஸில் அவை வாழ்நாள் கடன். பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட், டி வைட்டமின். மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்களுக்கு இரும்புச் சத்து எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்பதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். முழங்கால் வலிக்கென்று மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் இனிமேல் கூடாது. குடலை இணைத்த இடத்தில் புண் வரும். வெல்லம் போட்ட பானகமோ பாயசமோ ஒரு டம்ளர் குடித்துவிட்டால் அரைமணி நேரத்தில் படபடப்பும் வியர்வையும் வந்து படுக்க வைத்துவிடும். சர்க்கரை விஷயத்தில் சிலருக்கு இதுவே காவலாகவும் அமைகிறது.

எந்த அறுவையானாலும் ஹெர்னியா தைத்திருந்தால் திட உணவுக்கு அவசரப்படக்கூடாது. தைத்த இடம் வீங்கியிருக்கும். முதல் வாரங்களில் விழுங்குவதே தடையாகத் தோன்றும். இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் இறங்கிவிடும் என்று பாட்டிமார்கள் அன்போடு முயல்வார்கள். இறங்காமல் வாந்தியாக வந்தால், மேலே மயக்க மருத்துவர் சொன்ன சம்மட்டிதான்.

---

காவிரிக்கரை

அனைவருக்கும் நன்றி. மூன்றாவதாக ஒருவர் 'மினி பைபாஸ்' செய்துகொள்ளச் சொல்கிறார். ஒரே இணைப்பு என்பதால் எளிது, சர்க்கரை நோய்க்கும் நல்லது என்கிறார். ஹெர்னியா உள்ளவருக்கு அது பொருந்துமா?

---

நுண்துளை

ரட்லெட்ஜ் 1997இல் தொடங்கிய முறை அது; நம் நாட்டில் நிறையச் செய்கிறார்கள், எடையும் சர்க்கரையும் நன்றாகவே குறைகின்றன. ஆனால் அதில் பித்தம் இரைப்பைப் பையின் வாயைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. தாழ்ப்பாள் பழுதாகி, புண்ணும் விழுந்திருக்கும் உணவுக்குழாய்க்குக் கீழே பித்தத்தைக் கொண்டுவந்து நிறுத்த நான் தயங்குவேன். அதைவிட மேல் 'ரூ-என்-வை' என்னும் இரண்டு இணைப்புப் பைபாஸ்.

---

எண்ணும்எழுத்தும்

ஒரு முரணை மட்டும் பதிவு செய்கிறேன். பைபாஸில் மேலே ஏறுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்று திரு. நுண்துளை எழுதினார். அப்படியானால் பைபாஸ் செய்பவருக்கு ஹெர்னியாவைத் தைக்கவே தேவையில்லை என்றல்லவா ஆகிறது? தேவையற்ற பிரிப்பும் ஓர் ஆபத்துதானே?

---

நுண்துளை

நியாயமான கேள்வி, எங்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. சிறிய ஹெர்னியாவைப் பைபாஸில் தொடாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நான் தைப்பதற்குக் காரணம் எதுக்களிப்பு அன்று. இரைப்பையின் ஒரு பகுதி மார்பில் இருக்கும்போது, 30 மி.லி. பை என்று நினைத்து நான் வெட்டுவது உண்மையில் எவ்வளவு என்பது எனக்கே தெரியாது. கீழிறக்கிப் பார்த்தால்தான் குவிமாடம் பைக்குள் சேர்ந்துவிட்டதா என்று தெரியும். இறக்கியபின் திறந்து கிடக்கும் துளையை அப்படியே விட்டுவர மனம் வருவதில்லை.

---

காவிரிக்கரை (ஏழு வாரங்களுக்குப் பின்)

தாமதத்துக்கு மன்னிக்கவும். மேனோமெட்ரியில் தசை இயக்கம் சற்றுக் குறைவு என்று வந்தது. முதல் மருத்துவரிடமே திரும்பிச் சென்று, பின்புறம் பிரித்துத் தைப்பீர்களா, எத்தனை தையல், ஸ்லீவ் மேலே ஏறினால் என்ன செய்வீர்கள் என்று இங்கே கற்றவற்றைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மேனோமெட்ரி அறிக்கையை இருமுறை படித்துவிட்டு, "இதைப் பார்த்தபின் நானும் பைபாஸே சொல்கிறேன்" என்றார். அவரிடமே செய்துகொண்டோம்.

வயிற்றுக்குள் பார்த்தபோது ஹெர்னியா எண்டோஸ்கோப்பி சொன்னதைவிடப் பெரிதாக, ஏறத்தாழ 5 செ.மீ. இருந்ததாம். பின்புறம் மூன்று தையல், வலை வைக்கவில்லை. இடப்பக்க நுரையீரல் உறையில் சிறு கிழிசல் ஏற்பட்டு, மறுநாள் படத்தில் சரியாகிவிட்டது. மயக்கவியல் எழுதியதை முன்பே படித்திருந்ததால் நாங்கள் பதறவில்லை. பத்தொன்பதாம் நாள், நான் இல்லாத நேரத்தில் அம்மா இட்லியைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வாந்தி எடுத்து, மறுபடி பேரியம் படம் எடுத்து, தையல் நிலைத்திருக்கிறது என்று தெரியும்வரை வீட்டில் யாரும் உறங்கவில்லை. இப்போது 14 கிலோ குறைந்திருக்கிறது, இன்சுலின் நிறுத்தப்பட்டுவிட்டது, இரவில் தலையணையை உயர்த்தாமல் படுக்கிறாள்.

ஒரே ஓர் ஐயம். அறிகுறி இல்லாவிட்டாலும் மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டுமா?

---

குடல்நோக்கி

மகிழ்ச்சி. ஓராண்டிலும் அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறையும் அறிகுறி இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும் என்று பன்னாட்டுப் பருமன் அறுவைக் கூட்டமைப்பு 2020இல் எழுதியது ஸ்லீவுக்கும் மினி பைபாஸுக்கும். உங்கள் தங்கைக்கு அந்த அட்டவணை கட்டாயமன்று. ஆனால் முன்பு 'பி' நிலைப் புண் இருந்ததால், அது ஆறிவிட்டதா, அதன் அடியில் பாரெட் மறைந்திருந்ததா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. புண் இருக்கும்போது பாரெட்டைச் சரியாக அடையாளம் காண இயலாது. மருத்துவரிடம் கேட்டு ஆறாவது மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்து ஒதுக்கிய பழைய இரைப்பைக்குள் வழக்கமான கருவி போகாது என்பதையும், பைபாஸ் செய்தவர் என்பதையும், கருவியைச் செலுத்துபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நோயாளிகள் சொல்லாமல் படுத்துவிட்டு, நாங்கள் உள்ளே போய் இரைப்பையைத் தேடிய நாட்கள் உண்டு.